அப்பா விழுந்தார்... ஸ்கோரும் விழுந்தது!

எல்லாம் ஒரு ட்யூப்லைட்டால் வந்த வினை.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்து ட்யூப்லைட் கண்ணடிக்க ஆரம்பித்தது. "நாளைக்கு ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டறேம்ப்பா" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய 'நாளைக்கு'க்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்துநாலு வருஷம் க்ளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். எழுபத்தொரு வயசில் தானே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு ஏறிவிட்டார்.

'டம்' என்று சத்தம் கேட்டபோது ட்யூப்லைட்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். ட்யூப்லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், "இடுப்பு எலும்பு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடறது நல்லது" என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"கேஷா ஸார்... கார்டா?"

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு. மனைவி, குழந்தைகளுக்குச் சும்மாவே கிடைக்கும். அப்பா, அம்மாவைச் சேர்க்க வேண்டுமென்றால் சம்பளத்தில் ஒரு தொகை பிடிப்பார்கள். வருஷா வருஷம் ஒரு படிவம் வரும். 'பெற்றோரைச் சேர்க்க விருப்பமா?' என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டம். நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். அந்த மாசம்தான் புது செல்போன் வாங்கியிருந்தேன். அதே செல்போனில்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆக, "கார்டு" என்றேன்.

என் க்ரெடிட் கார்டின் லிமிட் மூன்று லட்சம். அதுவரை பெட்ரோல், சினிமா டிக்கெட், எப்போதாவது மனைவிக்கு ஒரு சுடிதார் என்று தேய்த்து, கெடுவுக்கு முன்பே முழுசாகக் கட்டிவிடுகிற உத்தம புருஷன் நான். ஸ்கோர் 781. அதை ஆபீஸில் நாலு பேரிடம் காட்டிப் பெருமையும் அடித்திருக்கிறேன். ஆபரேஷன், எலும்பில் வைத்த உலோகம், அறை வாடகை, பிசியோதெரபி, வாக்கர், ஏற்கெனவே இருந்த பாக்கி எல்லாம் சேர்ந்து மார்ச் ஸ்டேட்மென்ட்டில் வந்து நின்ற தொகை 2,40,000 ரூபாய்.

அதற்குக் கீழேயே இன்னொரு தொகை. 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது: 12,000 ரூபாய்.'

அடடா, எவ்வளவு கருணை! இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் எங்கே, பன்னிரண்டாயிரம் எங்கே! இருபது மாசம் பன்னிரண்டாயிரம் கட்டினால் கடன் தீர்ந்தது என்று எல்.கே.ஜி. கணக்குப் போட்டேன். மூன்று மாசம் ஒழுங்காகக் கட்டவும் கட்டினேன்.

மே மாசம் காண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி இதை அக்கவுண்ட்ஸ் ஸாரிடம் சொன்னேன். அக்கவுண்ட்ஸ் ஸார் என்றால் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ரிடையர்மென்ட்டுக்கு மூன்று வருஷம் பாக்கி வைத்திருக்கும் பெரியவர். புளியோதரையில் வேர்க்கடலை எண்ணிக்கை குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஏம்ப்பா, உன் கார்டுக்கு வட்டி எவ்வளவு?"

"மூணரை பர்சென்ட் ஸார்."

"வருஷத்துக்கா, மாசத்துக்கா?"

நான் விழித்தேன். அவர் என் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பர் நாப்கினில் எழுத ஆரம்பித்தார்.

மாசத்துக்கு மூணரை என்றால் வருஷத்துக்கு 42 சதவிகிதம். வட்டியோடு விட்டுவிடுவார்களா? அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக, மாசம் 4 ரூபாய் 13 காசு நூற்றுக்கு. நான் முதல் மாசம் 12,000 கட்டியதும் பாக்கி 2,28,000. அதற்கு வட்டியும் வரியும் 9,416. மறுபடி 2,37,416! பன்னிரண்டாயிரத்தில் அசலுக்குப் போனது 2,584 ரூபாய். மீதியெல்லாம் யாருக்கோ தீபாவளி.

"குறைந்தபட்சம் கட்டினா வட்டி கிடையாதுன்னு நினைச்சேன் ஸார்..."

"அபராதம் கிடையாது. கெட்ட பேர் கிடையாது. வட்டி உண்டு. அதுவும் எப்பலேருந்து தெரியுமா? கெடு தேதியிலேருந்து இல்லை. நீ தேய்ச்ச தேதியிலேருந்து!"

இதுதான் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாத சமாச்சாரம். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு மாசம் முழுசாகக் கட்டவில்லையா, அந்தச் சலுகை காலி. அப்புறம் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். நானோ கார்டைத் தேய்ப்பதை நிறுத்தியிருக்கவில்லை. முந்தின நாள்கூட 90 ரூபாய்க்கு ஒரு ரவா தோசை சாப்பிட்டிருந்தேன். அந்த தோசைக்கு மாசம் 3 ரூபாய் 15 காசு வட்டி. வெங்காயச் சட்னிக்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க அவசரமாக அதே கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ஐயாயிரம் எடுத்தேன். பணமாக எடுத்தால் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. மேலே கட்டணம் வேறு. என் கார்டில் எவ்வளவு சின்னத் தொகை எடுத்தாலும் ஐந்நூறு ரூபாய். அன்றைக்கு நான் வாங்கிய மருந்தில் வலி நிவாரணி எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கியிருக்கலாம்.

அக்கவுண்ட்ஸ் ஸார் நாப்கினை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, "வீட்ல பெரியவங்க கிட்ட சொல்லு. தங்கம் ஏதாவது இருக்கான்னு பாரு" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடை பழகுகிற மனிதரிடம் போய், "உங்க இடுப்புக்கு மாசம் ஒன்பதாயிரம் வட்டி கட்டறேம்ப்பா" என்று எப்படிச் சொல்வது? "ஆபீஸ்ல இன்ஷூரன்ஸ் குடுத்துட்டாங்க" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

ஜூன் மாசம் மச்சினன் கல்யாணம். மொய், பட்டுப்புடவை, போக்குவரத்துச் செலவு. இருபதாம் தேதி கெடு. 'இந்த மாசம் விட்டுவிட்டு அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிவிடலாம்' என்று ஒரு யோசனை. ரிசர்வ் பாங்க் 2022-ல் போட்ட உத்தரவுப்படி கெடு முடிந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கெட்ட பேரும் எழுதலாம். அந்த மூன்று நாளில் நான் பந்தியில் உட்கார்ந்து பால் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை ஸ்டேட்மென்ட் வந்தது. வட்டி, அதற்கு வரி, தாமதக் கட்டணம், அதற்கும் வரி. மொத்தப் பாக்கி 2,43,000 சொச்சம்!

நன்றாகப் பாருங்கள். மார்ச்சில் 2,40,000. மூன்று மாசத்தில் நான் கட்டியது 35,600 ரூபாய். ஒரே ஒரு மாசம் விட்டேன். கிளம்பின இடத்தைவிட மூவாயிரம் ரூபாய் பின்னால் நிற்கிறேன். பரமபதத்தில்கூடப் பாம்பு இவ்வளவு துல்லியமாகக் கடிக்காது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கின பிறகு, போனில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கம்பெனிகளுக்குப் பர்சனல் லோன் கேட்டு விண்ணப்பித்தேன். ஐந்தில் ஒன்றாவது விழும் என்று நினைப்பு. லாட்டரிச் சீட்டு மனோபாவம். ஐந்துமே விழவில்லை. ஆனால் ஐந்தும் பதிவாகிவிட்டன.

* * *

ஜூலை இரண்டாவது வாரம் தங்கைக்கு எம்.சி.ஏ. இடம் கிடைத்தது. மூன்று லட்சம் கல்விக்கடன். நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் எதுவும் வேண்டாம்; ஆனால் கூட்டாகக் கையெழுத்துப் போட வீட்டில் ஒருவர் வேண்டும். அப்பாவுக்குப் பென்ஷன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. "நான் இருக்கேன் வா" என்று ஹீரோ மாதிரி அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாங்க்குக்குப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர். பான் நம்பரைத் தட்டினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். 638.

"மூணு மாசம், ஆறு மாசம் கழிச்சு வாங்க ஸார். இப்ப அனுப்பினா மேலேருந்து திரும்பி வந்துடும்."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது தங்கை கேட்டாள்: "அண்ணா, ஸ்கோர்னா என்னண்ணா? நான் எய்ட்டி ஒன் பர்சென்ட் வாங்கியிருக்கேனே, அது போதாதா?"

ஸ்கோர் என்றால் இதுதான். நாம் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினோம், எப்படித் திருப்பினோம் என்று ஜாதகம் எழுதி வைப்பதற்கென்றே இந்தியாவில் நாலு கம்பெனிகள் இருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். இதில் சிபில் 2000-ல் ஆரம்பித்தது. மூத்தது என்பதால் 'கோல்கேட் குடுங்க' என்று எந்தப் பற்பசையையும் கேட்கிற மாதிரி எல்லா ஸ்கோரையும் நாம் சிபில் ஸ்கோர் என்கிறோம். மார்க் 300-லிருந்து 900 வரை. பூஜ்யம் கிடையாது, எவ்வளவு மோசமான ஆளாக இருந்தாலும் 300 தர்ம மார்க் நிச்சயம்.

கெடு தவறாமல் கட்டினோமா என்பதற்குத்தான் பெரிய பங்கு. அடுத்தது, கொடுத்த லிமிட்டில் எவ்வளவை உபயோகிக்கிறோம் என்பது. முப்பது சதவிகிதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். சட்டம் ஒன்றும் இல்லை, அனுபவஸ்தர்கள் வாக்கு. நான் மூன்று லட்சத்தில் 2,43,000. எண்பத்தொரு சதவிகிதம்! தங்கையும் எண்பத்தொன்று, நானும் எண்பத்தொன்று. அவளுக்கு ஸீட் கிடைத்தது, எனக்கு வேட்டு. அப்புறம் அந்த நள்ளிரவு ஐந்து விண்ணப்பங்கள். நம் ஸ்கோரை நாமே நூறு தடவை பார்த்தாலும் குறையாது. கடன் கொடுக்கிறவன் பார்த்தால் அது பதிவாகும். ஒரே ராத்திரியில் ஐந்து பேர் பார்த்தால் 'ஆள் தவிக்கிறான் போலிருக்கு' என்று அர்த்தம். வாஸ்தவமும் அதுதானே!

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதேகால். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சார்ஜில் இருந்த என் போன் அடித்தது. எடுத்தது யார்?

பாக்கி வசூலிக்கிறவர்கள் காலை எட்டுக்கு முன்னும் சாயங்காலம் ஏழுக்குப் பின்னும் போன் பண்ணக்கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. சொல்லி என்ன? ஈரத் தலையோடு நான் வெளியே வந்தபோது அப்பா போனை மேஜையில் வைத்துவிட்டு, வாக்கரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருப்பா?"

"யாரோ பையன். மரியாதையாத்தான் பேசினான். உன் சிவில் கெட்டுப்போயிடும்னு சொன்னான். ஏண்டா, சிவில் கேஸ் ஏதாவது போட்டிருக்காங்களா உன் மேல?"

"சிவில் இல்லப்பா... சிபில்."

"எதுவோ ஒண்ணு. எவ்வளவு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவர் பாக்கித் தொகையைக் கேட்டு அசரவில்லை. முப்பத்துநாலு வருஷம் மற்றவர்கள் கடனைப் பேரேட்டில் எழுதினவர். தொகையெல்லாம் அவருக்குப் பெரிசில்லை. அடுத்து ஒரே கேள்வி.

"எத்தனை வட்டி?"

"மூணரை."

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணரை வட்டியா? மார்க்கெட்ல தண்டல்காரன்கூட மூணு வட்டி கேட்டா ஊர் சிரிக்கும்டா! கந்துவட்டிக்கு 2003-லயே நம்ம ஊர்ல சட்டம் போட்டாச்சு. நீ ஏ.சி. ரூம்ல உட்கார்ந்துகிட்டு மூணரை வட்டி கட்டறியா?"

தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்புறத்தில் பேனாவால் கோடு போட்டார். இடது பக்கம் அசல், வலது பக்கம் வட்டி. அக்கவுண்ட்ஸ் ஸாரின் நாப்கின் கணக்கு அப்படியே பைசா பிசகாமல் வந்தது. கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

"இன்ஷூரன்ஸ்ல குடுத்துட்டாங்கன்னு சொன்னியே?"

நான் பேசவில்லை. அவரும் அதைப் பற்றி அப்புறம் கேட்கவேயில்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தபோது இரண்டு கையிலும் மணிக்கட்டு சிவந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றியிருக்கிறாள்; இருபத்தைந்து வருஷமாக இறங்காத வளையல்கள். நாலு. ஒவ்வொன்றும் ஒரு சவரன். தங்கை கல்யாணத்துக்கு என்று இருந்தவை.

"அவ படிப்புக்குத்தானே" என்று மேஜையில் வைத்துவிட்டுத் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டாள்.

* * *

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு. அரசு வங்கி ஒன்றில் நகைக்கடன். உரசிப் பார்த்து, எடை போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் 1,50,000 ரூபாய். வட்டி வருஷத்துக்கு ஒன்பது சதவிகிதம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். ஒன்றரை லட்சத்துக்குக் கார்டில் வட்டியும் வரியும் மாசம் 6,195 ரூபாய். இங்கே 1,125. அதே பணம்தான்! வித்தியாசம், இங்கே அம்மாவின் வளையல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே என் கையெழுத்து மட்டும் இருந்தது.

பணத்தைக் கார்டில் கட்டியதும் பாக்கி 93,000. இப்போது கெடு மீறின ஆள் இல்லை நான். கார்டு கம்பெனிக்குப் போன் பண்ணி, இதைப் பன்னிரண்டு மாசத் தவணையாக்கித் தாருங்கள் என்று கேட்டேன். வருஷத்துக்கு 16 சதவிகிதம், மேலே ஒரு சின்னக் கட்டணம். மாசம் எட்டாயிரத்து ஐந்நூறை ஒட்டி வந்தது. முன்பு 'குறைந்தபட்சம்' என்று கட்டிய பன்னிரண்டாயிரத்தைவிடக் குறைச்சல். அது சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். இது பன்னிரண்டாவது மாசம் நிஜமாகவே முடிகிறது. இந்த வசதி மார்ச் மாசமே இருந்தது. ஸ்டேட்மென்ட்டிலேயே ஒரு மூலையில் அச்சடித்திருந்தார்கள். நான் படித்தது அந்தப் பன்னிரண்டாயிரத்தை மட்டும்தான்.

கார்டைக் கத்திரியால் நறுக்கிவிடுவது என்று ஆவேசமாகக் கிளம்பினேன். அக்கவுண்ட்ஸ் ஸார் தடுத்தார். "பிளாஸ்டிக்கை வெட்டினா கணக்கு முடியாதுப்பா. எழுதிக் குடுத்து முடிச்சாத்தான் முடியும். அதையும் இப்பப் பண்ணாதே. லிமிட் போயிடும், பழைய கணக்குங்கற பேரும் போயிடும், ஸ்கோர் இன்னும் இறங்கும். பூட்டி வை." பூட்டினேன். சாவி அப்பாவிடம்.

பக்கத்து ஸீட் நண்பர் வேறு ஒரு யோசனை சொன்னார். "பேசாம கட்டாம விட்டுடுங்க பாஸ். ஆறு மாசத்துல அவங்களே பாதிக்குப் பாதி செட்டில்மென்ட்டுக்கு வருவாங்க. நான் 2021-ல அப்படித்தான் முடிச்சேன்." முடித்தார், வாஸ்தவம்தான். ஆனால் அவர் ஜாதகத்தில் அந்தக் கணக்குக்கு எதிரே 'முடிந்தது' என்று இல்லை, 'செட்டில் செய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. பாதிப் பணம்தான் வந்தது என்பதற்கு நாகரிகமான வார்த்தை. போன வீட்டுக்கடன் விண்ணப்பம் அதனாலேயே திரும்பி வந்ததை அவரே இன்னொரு நாள் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் என் ஜாதகத்தை முழுசாக வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நாலு கம்பெனி, நாலு அறிக்கை, காசு கிடையாது. படித்தால் ஒரு ஆச்சரியம்! 2021-லேயே நான் கட்டி முடித்த ஸ்கூட்டர் கடன் இன்னும் உயிரோடு இருந்தது. பாக்கி 590 ரூபாய் என்று போட்டிருந்தார்கள்.

"தடையில்லாச் சான்று குடுத்திருப்பாங்களே?" என்றார் அப்பா.

"எங்கே வெச்சேன்னு தெரியலைப்பா..."

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் நகல், தடுப்பூசி அட்டை, அதற்கெல்லாம் கீழே அந்தச் சான்று. நான் குப்பையில் போட இருந்ததை எடுத்து வைத்திருக்கிறார். அதை இணைத்துப் புகார் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் சரிபண்ணாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி அந்த 2024 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது. எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இருபத்திரண்டே நாளில் சரிபண்ணிவிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்கோர் 668. நவம்பரில் 714. அப்போதெல்லாம் பாங்க்குகள் மாசத்துக்கு ஒரு தடவைதான் விவரம் அனுப்பும். 2025 ஜனவரியிலிருந்துதான் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும் என்று ஆனது. ஒவ்வொரு மாசமும் பத்தாவது ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தங்கையின் முதல் செமஸ்டர் ஃபீஸை அப்பாவின் டெபாசிட்டை உடைத்துக் கட்டியிருந்தோம். நவம்பரில் அதே பாங்க், அதே அதிகாரி. தட்டினார், பார்த்தார். இந்தத் தடவை திரையைத் திருப்பவில்லை. படிவத்தை நீட்டினார்.

டிசம்பரில் ஒரு நாள் பேப்பரில் ஒரு செய்தி. க்ரெடிட் கார்டுக்கு வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் சொல்லியிருந்ததாம். அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பதினாறு வருஷம் கேஸ் நடந்திருக்கு. அதுக்கு எவ்வளவு வட்டி ஆகியிருக்கும்!" என்றார்.

2025 மே மாசம் என் மனைவிக்கு ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு விழுந்தது. அவள் அதைப் பற்றி எனக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. நானும் கார்டு பற்றி அவளிடம் முதலில் சொல்லவில்லையே, சரிக்குச் சரி. தீபாவளி போனஸை ஏற்கெனவே நகைக்கடனில் கட்டியிருந்தேன். மிச்சத்தைச் சம்பளத்தில் போட்டு, ஜூன் மாசம் வளையல்களை மீட்டேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். "இரு, சோப்பு எடுத்துட்டு வரேன்" என்று தங்கை ஓடினாள்.

சோப்பு வேண்டியிருக்கவில்லை. நாலும் தானாகவே ஏறிக்கொண்டன. கையைத் தூக்கினால் முழங்கை வரை இறங்கி வந்தன.

"இளைச்சுட்டேம்மா!" என்றாள் தங்கை.

"வேலை செய்யத் தொந்தரவா இருக்கு. நீ வெச்சுக்கோ" என்று கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அம்மா சாம்பாரைக் கிளறினாள்.